கேட்டது எந்த மொழியில்

1956 ஜனவரி 12, வியாழன்

ஆறு வாரம் உட்கார்ந்து போட்ட அத்தியாயத் திட்டம். பேராசிரியர் இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்தின் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. "பாறசாலைச் சுற்றுவட்டார வீட்டுமொழி" என்ற தலைப்பே தெரியாத அளவுக்குத் தடித்த கோடு.

"ஐம்பத்தொன்றாம் வருஷக் கணக்கெடுப்பில் இருக்கிறதே, உங்கள் பக்கம் மலையாளம்தான் என்று. அச்சில் இருப்பதை எதற்குப் போய்க் கேட்க வேண்டும்? ஒரு வரி எழுது, அடிக்குறிப்புப் போடு, தீர்ந்தது" என்றார்.

தீர்ந்ததாம்! நான் அந்தப் பக்கத்துக்காரி. பிறந்து இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் சோறு தின்கிறேன். எங்கள் வீட்டில் என்ன பேசுகிறோம் என்று அச்சைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பஸ்ஸில் நெய்யாற்றின்கரை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இந்தக் கட்டுரை தேறினால்தான் எம்.ஏ. எம்.ஏ. இருந்தால்தான் பள்ளிக்கூட வேலை. அது தெரிந்துதானே கோடு போடுகிறார்?

மார்ச் 16 கடைசி நாள். வீடு வீடாகப் போகப் போகிறேன்.

ஜனவரி 14, சனி

சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அடித்த நோட்டீஸ் கட்டாக மிச்சம் கிடந்தது. கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளை. நாலாக வெட்டினேன். ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு: வீட்டு எண், பெயர், தொழில், சந்தைக் கணக்கு எழுதும் மொழி, ஜெபமோ பூஜையோ செய்யும் மொழி, வீட்டில் பேசும் மொழி.

எனக்கு நானே சொல்லிக்கொண்டது: மையில் மட்டும். பென்சில் என்றால் பிறகு மனசு மாறி அழிக்கத் தோன்றும். அவர்கள் சொன்னதைத்தான் எழுத வேண்டும், நான் நினைத்ததை அல்ல.

ஜனவரி 29, ஞாயிறு

நூற்றி நாற்பது வீடு முடிந்தது. கால் இரண்டும் வெந்துபோச்சு. நூற்றி முப்பத்தொன்றில் தமிழ்! ஒன்பதில்தான் மலையாளம்.

மரச்சீனிக் கிழங்கு விற்கிற சரசம்மா அக்காவிடம் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்க வீட்டுல தமிழாக்கும் பிள்ளே. பின்னே என்ன, இங்கிலீசா பேசுதோம்?"

அப்படியானால் கணக்கெடுப்பில் மலையாளம் என்று எழுதியது யார்? வீட்டுக்கு வந்தார்களா, இல்லை பனைமரத்தடியில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போனார்களா? மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி திட்டத்தில் சேர்த்தேன். இப்போது அதுதான் நடு அத்தியாயம்.

பிப்ரவரி 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சத்தியதாஸ் அண்ணன் வழியை மறித்தான். பெரியப்பா மகன். எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லும் போராட்டக் கமிட்டியில் இருக்கிறான். ஐம்பத்துநாலில் போலீஸ் அடித்ததில் அவனுக்கு வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது.

"மக்கா, நீ எடுத்த கணக்கு எங்களுக்கு வேணும். விளவங்கோடு வரைக்கும் தமிழ்நாட்டுக்குன்னு எல்லை பிரிக்க வந்த கமிஷன் எழுதியாச்சு. நம்மள இஞ்ச விட்டுட்டானுவ. டெல்லிக்கு ஒரு மனு போவுது, அதுல சேக்கணும்."

"இன்னும் முடியல அண்ணே. சரிபார்க்கணும்."

"முடிவு நமக்குத் தெரியும்லா? பின்னே சரிபாக்கதுக்கு என்ன உண்டு?"

பேராசிரியருக்கும் முடிவு தெரியும். இவனுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது போல! ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 11, சனி

எங்கள் வார்டில் ஐம்பத்தொன்றில் கணக்கெடுத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். தாணுமாலயன் சார். ஆரம்பப் பள்ளி வாத்தியார், நாலு வீடு தள்ளி இருக்கிறவர், தமிழ் பேசுகிறவர்! சண்டை போடவே போனேன். நீங்களே இப்படிப் பொய் எழுதலாமா சார் என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். தன் கைக்கென்று எழுதி வைத்திருந்த பிரதி.

"நானாட்டு ஒண்ணும் எழுதல கேட்டியா. கேட்டேன், சொன்னாவ, எழுதினேன். உனக்க வீட்டையே பாரு. அறுவத்தி ரெண்டாம் நம்பர்."

பார்த்தேன். ராஜதாஸ், கம்பவுண்டர். மொழி: மலையாளம்.

"அப்பாவா சொன்னாங்க?"

"பின்னே நானா? அந்த பெஞ்சுலதான் இருந்தாரு. கட்டஞ்சாயா கூட தந்தாரு."

திரும்பி வரும்போது வழியில் யாரோ கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

அப்பாவைக் கேட்டேன். கேட்டேன் என்றா எழுதுவது? கத்தினேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொல்கிறார்: "ஆமா. சார் மலையாளத்துல கேட்டாரு. ஃபாரம் மலையாளத்துலல்லா இருந்துது. நானும் மலையாளம்னேன். வீட்டுல வந்து ஒருத்தரு ஒரு பாஷையில கேக்கும்போ அவருக்க கூடச் சேந்து போறதாக்கும் மரியாதை. மலையாளமும் நாம பேசத்தானே செய்யுதோம்? பொய்யா சொன்னேன்?"

மரியாதையாம்! முப்பது வருஷம் டிஸ்பென்சரியில் வருகிறவன் எந்த பாஷையில் வயிற்றுவலி என்கிறானோ அந்த பாஷையிலேயே மருந்து சொல்லிச் சொல்லி, சர்க்கார் கேட்டபோதும் அதே பழக்கம். ஒரு வார்த்தை அப்பா! ஒரே ஒரு வார்த்தை தமிழ் என்று சொல்லியிருக்கக் கூடாதா? அதற்காகத்தானே அண்ணனுக்குக் கை போச்சு?

ராத்திரிச் சோறு வேண்டாம் என்றுவிட்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

நூற்றி நாற்பது வீட்டிலும் நான் எந்த மொழியில் கேட்டேன்?

பிப்ரவரி 18, சனி

தமிழில்தான் கேட்டேன். எல்லா வீட்டிலும். வேறு எப்படிக் கேட்பேன்?

என்னோடு படிக்கிற விலாசினி தனுவச்சபுரத்துக்காரி, அவள் வீட்டில் மலையாளம். அவளைக் கூட்டிவந்து, நான் போன வீடுகளில் நாற்பதுக்கு அவளை மட்டும் அனுப்பினேன். அதே கேள்வி, மலையாளத்தில். நான் மாதாகோயில் மதிலோரம் காத்திருந்தேன்.

நாற்பதில் முப்பத்துமூன்று மலையாளம்.

சரசம்மா அக்காவும்! அதே மரச்சீனிக் கூடை, அதே ஆள். ஓடிப்போய்க் கேட்டேன். அவளுக்கு நான் ஏன் குதிக்கிறேன் என்றே புரியவில்லை. "அந்தப் பிள்ள மலையாளத்துல கேட்டுது, நீ தமிழ்ல கேட்ட. ரெண்டு பேருக்கும் நான் சரியாத்தானே செல்லியிருக்கேன்? ரெண்டும் எனக்க வாயிலதானே இருக்கு?"

விலாசினி சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. தாணுமாலயன் சாரை வாசலில் வைத்துப் பொய்யன் என்றேனே! அவர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். என் நூற்றி நாற்பது சீட்டிலும் என் குரலைத்தான் நானே திரும்ப எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஜனங்கள் மேல் கோபம், அப்பா மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலே என் மேல். எத்தனை எக்களிப்பு எனக்கு, நூற்றி முப்பத்தொன்று என்று!

பிப்ரவரி 20, திங்கள்

எல்லாச் சீட்டிலும் புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். "கேட்ட மொழி." நூற்றி நாற்பதிலும் "தமிழ்" என்று எழுத வேண்டியிருக்கிறது. விலாசினியின் நாற்பது தனிச் சீட்டு.

பிப்ரவரி 25, சனி

கமிட்டி மனு அச்சாகி வந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில்: "140 வீடுகளில் 131 தமிழ். எம்.ஏ. மாணவி ஒருத்தியின் நேரடி ஆய்வு."

நான் கொடுக்கவே இல்லையே! அப்பாதான். நான் காலேஜ் போயிருந்த நாளில் அண்ணன் வந்து கேட்டிருக்கிறான். இவர் சீட்டுக் கட்டை எடுத்துக் கையில் கொடுத்து, அவன் பார்த்து எழுதி முடிக்கிறவரை விசிறியும் கொடுத்திருக்கிறார். "கேட்டான், குடுத்தேன் மக்கா." இந்த மனுஷனை நான் என்ன செய்ய?

நேரே அண்ணனிடம் போனேன். நாற்பது வீட்டுக் கதையைச் சொன்னேன். அவன் முகம் கறுத்துவிட்டது.

"அத யாருட்டயும் செல்லாத. அந்த நாப்பதையும் கிழிச்சு அடுப்புல போடு."

"அதுவும் அவங்க சொன்னதுதானே?"

"அப்பம் நீ யாருக்க பக்கம்?"

பக்கமா? நான் அத்தியாயம் எழுதுகிறேன்!

மார்ச் 5, திங்கள்

புதிய திட்டத்தைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். மூன்றாம் அத்தியாயம்: "கேட்ட மொழியும் சொன்ன பதிலும்." இந்த முறை முழுக்கப் படித்தார்.

"அச்சில் வந்த கணக்கு தப்பு என்கிறாயா?"

"தப்பில்லை சார். பாதி. என் கணக்கும் பாதிதான்."

"இதில் முடிவு எங்கே? முடிவில்லாததற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. அந்தக் கேட்ட மொழி வரியை எடுத்துவிடு. அத்தியாயத்தை நாலு பக்கமாகக் குறை. முதல் வகுப்புக்கு நான் பொறுப்பு."

ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் இவரும் சத்தியதாஸ் அண்ணனும். ஆனால் இருவருக்கும் என்னிடம் வேண்டியது ஒன்றுதான். அந்த ஒரு வரி போக வேண்டும்.

வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்: பஸ்ஸில் பாதி வழிவரை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முதல் வகுப்பு. உடனே வேலை. யாருக்குத் தெரியப் போகிறது? அமரவிளைப் பாலத்தில் பஸ் நின்றபோது கண்டக்டர் ஒரு வயசான பாட்டாவிடம் தமிழிலும் பக்கத்தில் இருந்தவரிடம் மலையாளத்திலும் டிக்கெட் கேட்டார். இருவரும் கேட்டபடியே பதில் சொன்னார்கள். இதை நான் எழுதாவிட்டால் வேறு எவன் எழுதப் போகிறான்? திருவனந்தபுரத்திலிருந்து வந்தா?

மார்ச் 16, வெள்ளி

கொடுத்துவிட்டேன். வரி இருக்கிறது. அத்தியாயம் முப்பத்தோரு பக்கம்.

ஜூன் 9, சனி

மூன்றாம் வகுப்பு. விலாசினிக்கு இரண்டாம் வகுப்பு. அவள்தான் எனக்காக அழுதாள். நான் அழவில்லை. பேராசிரியர் போட்ட குறிப்பு ஒரே வரி: "விவரங்கள் ஏராளம், முடிவு இல்லை."

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. சபையில் அந்தப் பக்க வரிசைக்கு மாறிவிட்டான்.

நவம்பர் 5, திங்கள்

வியாழக்கிழமையிலிருந்து களியக்காவிளைக்கு அங்கே சென்னை ராஜ்யம், இங்கே கேரளம். நாங்கள் இங்கே. நேற்று சபையில் அண்ணன் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அவன் மனுவும் என் கட்டுரையும் எந்தக் கட்டுக்கு அடியில் கிடக்கின்றனவோ. அவன் கேட்ட முடிவை நான் கொடுக்கவில்லைதான். ஆனால் எங்கள் ஊரைப் பார்க்காமலேயே கோடு போட்டார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

இன்று வேலையில் சேர்ந்தேன். தனுவச்சபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். கிளார்க் வயதானவர், நல்ல மனுஷன், விசிறியை என் பக்கம் தள்ளி வைத்தார். படிவத்தை வரிவரியாகக் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்தார். பெயர். வயது. படிப்பு. அடுத்தது தாய்மொழி.

"மாத்ருபாஷ ஏதாணு டீச்சரே?"

சொன்னேன். சிரித்துக்கொண்டே, மரியாதையாக, ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவைத் தாண்டி, கொடிமரம்வரை வந்த பிறகுதான் கால் நின்றது.

திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். அந்தக் கிளார்க் சிரித்த முகமாக இருந்தார், எழுதியதை அடித்துத் திருத்தும்படி அவரிடம் சொல்வதா என்று இருந்தது. இதைத்தானே அப்பாவும் சொன்னார், நான் வீடு அதிரக் கத்தினேனே?

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த நோட்டீஸில் ஒன்றை வெட்டினேன். மையில் எழுதினேன்.

வீட்டு எண் 62. லீலாபாய். ஆசிரியை. கேட்டவர்: பள்ளிக்கூடக் கிளார்க். கேட்ட மொழி: மலையாளம். பதில்: மலையாளம்.

கட்டில் நூற்றி நாற்பத்தொன்றாவதாக வைத்துக் கயிறு கட்டும்போது அப்பா டிஸ்பென்சரியிலிருந்து வந்தார். குடையை மூலையில் சாத்திவிட்டு, "சேந்தாச்சா மக்கா?" என்று கேட்டார்.

"சேந்தாச்சு அப்பா" என்றேன்.