பின்னட்டையில் அச்சான என் பேச்சு

விருதுநகர்
14-6-2003, சனிக்கிழமை

அன்பு மகன் சைஃபுல்லாவுக்கு அம்மா பீவி ஜான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜா வெயிலில் உன் உடம்பை அல்லாஹ் கேடில்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே நானும் உன் வீட்டுக்காரியும் உன் மகன் தவுபிக்கும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. போன வெள்ளிக்கிழமை போனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். தவுபிக் பக்கத்தில் நின்றுகொண்டு அத்தாவிடம் ஒரு வார்த்தை மூச்சு விடக்கூடாது என்று கண்ணைக் காட்டினான். அதனால்தான் அவன் சிவகாசி பஸ் ஏறிப் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வருஷம் சீசனுக்கு நம் பிரஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடத்து நோட்டு ஆர்டர் எடுத்தான் என்று எழுதியிருந்தேன் அல்லவா, நாலாயிரம் நோட்டு, அட்டை முழுவதும் நாமே அடித்துக் கொடுப்பது. பின்னட்டையில் எப்போதும் மேலே தேசிய கீதமும் கீழே வாய்ப்பாடும் போடுவதுதான் வழக்கம், உனக்கே தெரியும், நீயும் அப்படித்தான் போட்டாய். இந்தத் தடவை வாய்ப்பாட்டை உள் அட்டைக்குக் கொண்டுபோங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கீதத்துக்குக் கீழே நாலு விரல் இடம் சும்மா கிடந்தது. வெறும் இடமாக விட்டால் வேலை தெரியாதவன் அடித்த மாதிரி இருக்கும் என்று தவுபிக்குக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஏதாவது நாலு வரி சொல்லுங்க நன்னிமா, நீங்கதான் வெள்ளைக்காரன் காலத்துல படிச்ச ஆளாச்சே என்று கேட்டான். கேலிக்குத்தான் கேட்டான். எனக்கு அது பெருமையாக இருந்தது. நம் வீட்டுப் பெண்களில் அந்தக் காலத்தில் அஞ்சாவது வரைக்கும் போனவள் நான் ஒருத்திதானே. இந்தப் பாட்டு இங்கிலாந்து ராஜா நம் நாட்டுக்கு வந்தபோது அவரை வரவேற்கப் பாடினது, எங்கள் வாத்தியாரே சொல்லியிருக்கிறார் என்று சொன்னேன். அவன் வருஷத்தையும் சேர்த்து, தெரிந்துகொள்வோம் என்று தலைப்புப் போட்டு, கட்டம் கட்டி அச்சடித்துவிட்டான்.

பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள் ஒரு பிள்ளையின் தகப்பனார் அதைப் படித்திருக்கிறார். மறுநாள் பத்துப் பதினைந்து பேராகப் பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். ஏலே, எங்க கீதத்தை வெள்ளைக்காரனுக்குப் பாடினதுன்னு போடுவியா, வேணும்னுதாம்லே துலுக்கப் பய போட்டிருக்கான் என்று ஒருவன் கத்தியிருக்கிறான். எங்க கீதம் என்றானாம். அந்த ஒரு சொல்லில்தான் தவுபிக் ஆடிப்போய்விட்டான், மற்றதெல்லாம் கேட்டுப் பழகியது நன்னிமா என்றான். மிஷினை யாரும் தொடவில்லை, அவன் மேலும் கை படவில்லை, நம் பைண்டிங்குக்கு வருகிற பஞ்சம்மாள் வாசலை மறித்துக்கொண்டு, தம்பி மேல கை வச்சீகன்னா முதல்ல என்னையத் தள்ளிட்டுப் போங்க என்று நின்றாளாம். அவர்கள் நேரே சூலக்கரைக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டார்கள்.

போன திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் காலை பத்து மணியிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை மகனே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை யார் எழுதிக் கொடுத்தது, எந்த இயக்கம், உன் அத்தா வெளிநாட்டில் யாரிடம் வேலை பார்க்கிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் எங்கேயோ பார்த்தேன் என்று சொல்லிவிட்டான். அதுதான் இப்போது பெரிய வினையாகிவிட்டது, எங்கே பார்த்தாய், யார் அனுப்பினது என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சூலக்கரையில் விசாரணை. கேஸ் போட்டால் மூன்று வருஷம் வரைக்கும் உள்ளே வைக்கலாம் என்று ஏட்டு ஒருவர் அவன் காதில் போட்டு அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றால் உன் வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவிடுக்கில் பார்க்கிறாள். நான் தொழுகையில் எத்தனை ரக்அத் முடித்தேன் என்று மறந்து மறந்து திரும்பத் தொழுகிறேன். நம்மைப் போல உள்ளவர்களுக்கு இந்தக் காலத்தில் ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் இறங்காது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொன்னதாவது மெய்தானா என்று கேட்க, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் சீனிவாசகம் சாரிடம் போனேன், உனக்குப் பத்தாவதில் சரித்திரம் எடுத்தாரே அவர்தான். நோட்டை வாங்கி அந்தக் கட்டத்தை ரெண்டு தடவை படித்தார். பிறகு, பீவியம்மா, நீங்க கேள்விப்பட்டது அம்புட்டும் தப்பு, ஆனா இந்தத் தப்பு உங்க தப்பில்ல, தொண்ணூறு வருஷத்துத் தப்பு என்றார். கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாட்டில் இரண்டாம் நாள் இந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். அதே நாளில் ராஜாவை வரவேற்றுத் தீர்மானமும் போட்டார்களாம், ராஜாவுக்கென்று வேறொரு பாட்டும் பாடினார்களாம். வெள்ளைக்காரப் பேப்பர்க்காரன் ரெண்டையும் ஒண்ணாக் கலந்து எழுதிட்டான், உங்க வாத்தியார் அதை நம்பிட்டாரு, நீங்க வாத்தியாரை நம்பிட்டீக என்றார். பாட்டை எழுதின பெரியவரே பின்னால், நான் எந்த ராஜாவையும் பாடவில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறாராம்.

அப்படியானால் அதில் விதியை நடத்துகிறவன் என்று வருகிறதே, அது யார் என்று கேட்டேன். ராஜா வருவான் போவான், இது காலங்காலமா சனங்களுக்கு வழி காட்டுறவனைச் சொன்னது, நீங்க தினம் அஞ்சு வேளை யாரைக் கும்பிடுறீகளோ அவன்னு வச்சுக்கோங்க, நான் என் சாமின்னு வச்சுக்கிறேன் என்றார். நாம் பாடாத இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறதாம். அதில் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர், பார்சி, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறதாம். எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. அந்த நாலு விரல் இடத்தில் இதைப் போட்டிருக்கலாமே. நான் பள்ளிக்கூடத்தில் பாடினது, ராஜாவைக் கடவுள் காக்க வேண்டும் என்று வருகிற அந்த இங்கிலீஷ் ராஜா பாட்டு ஒன்றுதான். சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷமே வயசு வந்துவிட்டது என்று என்னை நிறுத்திவிட்டார்கள். ராஜா பாட்டுக்குப் பிரம்புக்குப் பயந்து எழுந்து நின்றவள் நான். நம் கீதத்துக்கு, டிவியில் கேட்டால்கூட, முட்டி வலியோடு நானாக எழுந்து நிற்கிறேன். ராஜாவுக்குப் பாடினது என்று நினைத்துக்கொண்டேதான் இத்தனை வருஷமும் எழுந்து நின்றிருக்கிறேன், நம் பிள்ளைகள் பாடுகிறார்கள், அது போதும் என்று.

சார் சொல்லச் சொல்லத் தவுபிக் திருத்தம் எழுதி, கம்ப்யூட்டர் இல்லாததால் சிவகாசியில் டைப் செய்து வாங்கி வந்து, அந்தக் கட்டத்தை மூடுகிற அளவுக்குத் துண்டுச் சீட்டு அடித்தான். பள்ளிக்கூடத்தார் நல்லவர்கள், நோட்டையெல்லாம் பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கிக் கொடுத்தார்கள். பஞ்சம்மாள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து இன்னும் ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள், பட்டாசுக்குத் திரி வைக்கிற கை, பசை தடவுறதுக்கா அசரும் என்று சிரித்துக்கொண்டே இரண்டு நாளில் நாலாயிரத்தையும் ஒட்டி முடித்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்து ஒட்டினேன். ஆனால் வெயிலில் பிடித்துப் பார்த்தால் அடியில் இருக்கிற எழுத்து லேசாகத் தெரிகிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன். திங்கட்கிழமை நான் சூலக்கரைக்குப் போகப்போகிறேன். இதைச் சொன்னது நான், எழுதிக் கொடுத்த இயக்கம் எதுவும் இல்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று என் கையாலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சீனிவாசகம் சார் கூட வருகிறேன் என்றிருக்கிறார். தவுபிக்கிடம் நேற்று மெல்ல ஆரம்பித்தேன், உங்களை அங்கன உக்கார வச்சுக் கேள்வி கேட்டா நான் உசிரோட இருந்து என்ன செய்ய, நீங்க வாயைத் தொறந்தா பிரஸ்ஸை இழுத்துப் பூட்டிட்டு எங்கிட்டாவது போயிருவேன் என்று சத்தம் போட்டான். அதனால் அவனிடம் சொல்லாமல் முந்தின பஸ்ஸில் போய்விடுவேன். இத்தனை வயசில் நான் ஸ்டேஷன் பக்கமோ கலெக்டர் ஆபீஸ் பக்கமோ போனதில்லை. பெரிய ஆபீசர் எதிரே என்னைப் போல ஒரு கிழவி சொன்னதை நம்புவார்களா, அல்லது பேரனைக் காப்பாற்றப் புளுகுகிறாள் என்பார்களா, அல்லது இவளும்தான் என்று சேர்த்து எழுதிக்கொள்வார்களா, எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அஞ்சாவது வரை படித்தவள் என்று முதல் வரியில் போட்டிருந்தேன், அதை மட்டும் கடைசியில் அடித்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டுப் பத்து நாள் ஆகும். ஆகவே உன்னிடம் உத்தரவு கேட்டு எழுதவில்லை. நீயும் அவனைப் போலவே வேண்டாம் என்பாய். நீ லீவு கேட்டு அலைந்து, உன் முதலாளியிடம் இதைச் சொல்லி, அங்கேயும் ஒரு சந்தேகத்தை வாங்கிக்கொள்ளாதே. பிரஸ் போனில் இதைப் பற்றி ஒன்றும் பேசாதே, யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. தவுபிக்கைத் திட்டாதே, அவன் நம்பினது என்னைத்தான். எனக்கு ஏதாவது ஒன்று என்றால் உன் வீட்டுக்காரியைக் கலங்காமல் இருக்கச் சொல். இரத்த அழுத்த மாத்திரையை நேரம் தப்பாமல் போடு.

உனக்கும் உன் மகனுக்கும் அல்லாஹ் நீண்ட ஹயாத்தையும், தலை நிமிர்ந்து நடக்கிற வாழ்வையும் தர வேண்டும். நீ இதைப் படிக்கும்போது திங்கட்கிழமை முடிந்துபோயிருக்கும். இருந்தாலும் எங்களுக்காக அல்லாஹ்விடம் துஆ கேள். முடிந்துபோன ஒன்றுக்கு துஆ கேட்கலாமா என்று எனக்குத் தெரியாது, நீ கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பீவி ஜான்