மோட்டார் கொட்டகைத் திரை

8 ஜனவரி 2025
என் மரவள்ளிக்கு முறைத் தண்ணீர் விடப் போனால், மோட்டார் ஏற்கெனவே ஓடுகிறது. சடையன் அண்ணன் தன் கரும்புக்கு மடை திருப்பியிருக்கிறார்.

"திரையில யாரு முறைன்னு கீதே, பாக்க மாட்டியா அண்ணே?"

"பொட்டியக் கேட்டாடா நான் பயிர் வெக்கணும்?"

எங்கள் இருவருக்கும் பொதுக்கிணறு. ஆளுக்கொரு முறை. இந்தச் சண்டை ஓயட்டும் என்றுதான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, யாரிடமும் கேட்காமல் லினக்ஸ் பழகி, கொட்டகையில் வைத்தேன். படம் கிடம் கிடையாது. கன்சோல் என்கிற கறுப்புத் திரை, எழுத்து மட்டும். கரண்ட் இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு முறையைக் காட்டும். அந்தக் கன்சோலில் தமிழ் வராது. அதனால் அண்ணனுக்கு 1, எனக்கு 2. மூத்தவர் என்றுதானே ஒன்றைக் கொடுத்தேன்? அந்த மரியாதையாவது தெரிந்ததா?

11 ஜனவரி
அவர் பேசவில்லை. நானும் பேசப் போவதில்லை.

16 ஜனவரி
காணும் பொங்கல். ஆண்டாள் அண்ணி மட்டும் வந்தார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "அவருக்குக் கண்ணு சரியில்ல தம்பி. சொவுத்தப் புடிச்சிக்கினுதான் நடக்குறாரு. நான் சொன்னன்னு சொல்லிடாதீங்க" என்றார்.

அப்படியென்றால் அன்றைக்கு — ஒன்றா இரண்டா என்றே தெரியாமலா?

திருடன் என்று பெயர் வாங்கினாலும் வாங்குவார், கண் தெரியவில்லை என்று சொல்லமாட்டார். டாக்டரிடம் கூப்பிட்டாலும் வரமாட்டார். நானாக இருந்தாலும் போகமாட்டேன்.

18 ஜனவரி
எழுத்துருவை மாற்றும் கட்டளை கொடுத்தேன். டெர்மினஸ் என்ற எழுத்துரு, தடித்த வகை, இருப்பதிலேயே பெரிய அளவு. கொட்டகை வாசலிலிருந்தே பளிச்சென்று தெரிகிறது.

19 ஜனவரி
கரண்ட் போய் வந்தது. எழுத்து மறுபடி எறும்பாகிவிட்டது! அண்ணன் வாசல்வரை வந்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், மோட்டாரைத் தொடாமலே திரும்பிவிட்டார். அது அவர் முறை. அந்தப் பேச்சுக்குப் பிறகு எப்படித் தொடுவார்? கரும்பு காயுது. ச்சே, இன்னா வேலை பண்ணி வச்சிருக்கேன்.

20 ஜனவரி
பிடிபட்டது. கையால் கொடுத்த கட்டளை பெட்டி அணையும்வரைதான் நிற்கும். கன்சோலின் அமைப்புக் கோப்பிலேயே எழுத்துருவையும் அளவையும் எழுதினேன். மெயின் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டேன். பெரிய எழுத்தோடுதான் எழுந்தது.

பிறகு, திரை 2 என்று என் முறையைக் காட்டும்போதே மடையை அவர் கரும்புக்குத் திருப்பினேன். பெட்டிக்குத் தெரிய வேண்டியதில்லை.

23 ஜனவரி
அண்ணன் சரியாகத் தன் முறைக்கு வந்தார்.

"இன்னாடா, எழுத்து இம்மாம் பெருசா கீது? ஒனக்குக் கண்ணு அவிஞ்சிப்போச்சா?"

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"ஆமாண்ணே. எனக்குத்தான் தெரியல."

மோட்டாரைப் போட்டார். பிறகு, "கள்ளக்குறிச்சில டாக்டர்கிட்ட காட்டு. தனியாப் போவாத, நானும் வரேன்" என்றார்.

29 ஜனவரி
போய்வந்தோம். என் கண்ணில் ஒன்றுமில்லை. வந்ததுதான் வந்தாய், நீயும் காட்டு என்று அண்ணனை உட்காரவைத்தேன். இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த வாரம் ஆபரேஷன். "தொணைக்கு வந்தவன மாட்டி வுட்டியேடா" என்று நர்ஸ் எதிரிலேயே திட்டினார்.

மருந்து விட்ட கண்ணோடு பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்து வாடா, படி கீது" என்றார்.

படி எதுவும் இல்லை. காலைத் தூக்கித்தான் வைத்தேன்.