வென்றவர்களிடம் மூன்று முறை

டீச்சர்,

இன்று காலை கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். வாலாஜாபாத் பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு கட்டு நெற்கதிரைக் கொண்டுவந்து அதிகாரிகளின் மேசைமீது போட்டார். ஒரு கதிர் தெறித்து என் காலடியில் விழுந்தது. எடுத்து ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் உமி. அந்தக் கருக்காயின் தூசி வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். யார் சொன்னதும் யார் காதிலும் விழவில்லை. பேப்பருக்குச் செய்தியை அனுப்பிவிட்டு, பெரிய காஞ்சிபுரத்தில் வீடு வந்து சேர்ந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இறந்துபோய் ஏழு மாதம் ஆகிறது.

உங்களை முதலில் பார்க்க வந்தது ஒரு பாடப்பிரிவின் சாவுச் செய்திக்காகத்தான். உங்கள் பள்ளியில் வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூரம் கிராமத்தைத் தாண்டி அந்த ஊருக்கு வந்தேன். புலம்புவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ பள்ளிக்குப் பின்னால் கத்தரிப் பாத்திக்கு நடுவில், பிள்ளைகளைக் கூட்டம் நடத்தவிட்டு ஓரமாக நின்றிருந்தீர்கள். அடுத்து வெண்டையா, கொத்தவரையா என்று விவாதம். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, மறுப்பவருக்கு முதல் வாய்ப்பு.

“இது பாடத்துல இருக்குதா டீச்சர்?” என்று கேட்டேன்.

“இல்ல சார். நான் சேத்துக்கினேன்” என்றீர்கள்.

அன்றுதான் அமெரிக்கக் கதையைச் சொன்னீர்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்த, அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் படித்தது. அந்த நாட்டுக் கிராமங்களில் விவசாயிகள் ரயில் கம்பெனிகளின் சரக்குக் கட்டணத்தை எதிர்த்து ஒன்று சேர்ந்தார்கள். சேர்ந்த இடத்தில் விதையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் படித்தார்கள். கூட்டம் நடத்தவும் அங்கேதான் பழகினார்கள். தேசத்துத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தச் சங்கத்தில் பெண்களுக்கு ஓட்டு இருந்தது. பின்னாளில் விவசாயம் படித்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் நாற்று நடுவதைப் போலவே கூட்ட நடைமுறையையும் கற்றுக்கொடுத்தார்கள். இதையெல்லாம் மகிழ்ச்சியாகச் சொல்லிவந்த உங்கள் குரல் ஓரிடத்தில் மாறியது. கறுப்பின விவசாயிகளுக்கு அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் இடமில்லை. அவர்களுடைய ஆசிரியர்கள் கலப்பையும் விதையும் ஏற்றிய கோவேறு கழுதை வண்டியையே பள்ளிக்கூடமாக்கி, வயல் வயலாகப் போனார்கள்.

“அந்த வண்டி எனக்குப் புடிச்சிது சார். ஆனா கூட்டத்துக்குள்ள உட்டிருந்தா வண்டி எதுக்கு?”

காலனியில் பிறந்து, அதே ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர் நீங்கள்.

பிறகு மழை ஏமாற்றிய ஒரு வருடம் ஏரி பாதிகூட நிறையவில்லை. மதகுக்குப் பக்கத்து நிலமெல்லாம் ஊர்க்காரர்களுடையது, மேல்மடை. வாய்க்காலின் கடைசியில் இருந்தது காலனிக் குடும்பங்கள் ஒரு தலைமுறைக்கு முன்புதான் சொந்தமாக்கிக்கொண்ட நிலம், கடைமடை. அங்கே உங்கள் தம்பி சாமுவேலின் முக்கால் ஏக்கர். பயிர் பால் பிடிக்கும் நேரம். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் எல்லாம் கருக்காய்தான். நாள் விட்டு நாள் முறை வைக்கவேண்டும் என்றது கடைமடை. இருக்கிற தண்ணீர் தங்களுக்கே போதாது என்றது மேல்மடை. இரண்டு பேருக்கும் பொதுவாக உங்களைத்தான் தலைமை வகிக்கக் கேட்டார்கள். ‘தம்பிக்காகப் பேசமாட்டாங்க’ என்று மேல்மடையே சொன்னது எனக்கு ஆச்சரியம்.

நீங்கள் நிபந்தனை போட்டீர்கள். இரண்டு பக்கமும் ஒரே ஷாமியானாவில், ஒரே மாதிரி நாற்காலியில் உட்காரவேண்டும். பட்டா யார் பேரில் இருந்தாலும் பயிர் வைப்பவருக்கு ஒரு கை, ஒரு ஓட்டு. வெளியாட்கள் பேசக்கூடாது. கை எண்ணி முடித்ததும், மறுபடி யோசிக்கலாமா என்று வென்ற பக்கத்தை மட்டும் மூன்று முறை கேட்பீர்கள். யாரும் எழாவிட்டால் முடிவு முடிவுதான்.

“ஜெயிச்சவன் எதுக்கு டீச்சர் மறுபடி கேப்பான்? அவனுக்கு இன்னா பைத்தியமா?” என்று ஒருவர் கேட்டு, ஷாமியானாவே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நிபந்தனையை மாற்றவில்லை.

நான் அன்று பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து வந்தவன். மதகருகே தண்ணீர் மட்டம் காட்டும் அளவுக்கல்லைப் பார்த்தேன். மூன்றரை அடி. பழக்கதோஷத்தில் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஷாமியானா வாசலில் சாமுவேலின் வண்டி நின்றது. சாக்கில் சுற்றிய கடப்பாரை ஒன்று அதில் கட்டியிருந்தது. தோற்றால் மதகை உடைப்பது என்று பத்துப் பதினைந்து பேர் முடிவு செய்திருந்தது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மேல்மடை சார்பில் ஏகாம்பரம் எழுந்தார். “காலைல நானே போய் கல்லப் பாத்துட்டு வந்தேன்பா. ரெண்டடிகூட இல்ல. இதுல எங்க முறை வைக்கறது?”

“பொய்!” என்று சாமுவேல் கத்தினார். “உங்களுக்கு எப்பவுமே ரெண்டடிதான்!”

நாற்காலிகள் நகர்ந்தன. நான் நோட்டோடு எழுந்துவிட்டேன். மூன்றரை என்ற சொல் என் தொண்டை வரை வந்துவிட்டது.

நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். “உக்காருங்க சார். உங்களுக்கு இங்க பேச உரிமை இல்ல.” அதே மூச்சில், “சாமுவேல், உன் நேரம் முடிஞ்சிச்சு, உக்காரு.”

தம்பி உங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

கைகளை எண்ணினார்கள். நாலு கை வித்தியாசத்தில் மேல்மடை வென்றது. நீங்கள் முடிவை அப்படியே உரக்கச் சொன்னீர்கள். பின்வரிசையில் கடைமடைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

“வென்றவங்கள்ல யாராவது மறுபடி யோசிக்கலாம்னு சொல்றீங்களா?” முதல் முறை. யாரும் அசையவில்லை.

இரண்டாவது முறை கேட்டீர்கள். ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் சாமுவேல் சாக்கின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது முறை கேட்க வாயெடுத்தபோது மேல்மடை வரிசையிலிருந்து தேவகி எழுந்தார்.

“நான் மேல்மடைக்குத்தான் கை தூக்கினேன், இல்லன்னு சொல்லல. ஏகாம்பரம் மாமா பொய் சொல்றவரு இல்ல. ஆனா நம்மள்ல வேற யாரும் போய்ப் பாக்கலியே? பத்து நிமிசம் நடந்தா ஏரி. எல்லாரும் பாத்துட்டு வந்து அப்புறம் தூக்குவோம்.”

“உன் ஊட்டுக்காரரு காஞ்சிபுரத்துல தறி நெய்யறாரு. ஏரியப் பத்தி உனுக்கு இன்னாமா தெரியும்?” என்றார் மேல்மடைக்காரர் ஒருவர்.

“அவரு நெய்யறாரு, நாந்தான் நாத்து நடறேன். நீ என்னிக்காவது நட்டியாண்ணா? உன் பொண்டாட்டியக் கேளு, சொல்லும்.”

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. நீங்கள் சிரிக்காமல் வழிமொழிபவரைக் கேட்டீர்கள். ஏகாம்பரமே கை தூக்கினார். “போய்ப் பாக்கட்டுமே. எனக்கு இன்னா பயம்?”

எல்லோரும் ஏரிக்குக் கிளம்பினோம். சாமுவேல் கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார். ஏகாம்பரம் நேராக மேட்டு மதகுக்குப் போய்க் கல்லைக் காட்டினார். உண்மை, இரண்டடிக்கு ஒரு விரல் குறைவு. நான் பார்த்தது சாலையோரத்துப் பள்ள மதகின் கல். ஏரியின் தரை அங்கே ஆழம். கடைமடைக்காரர்கள் முன்னால் போக, எல்லோரும் கரைமேல் அங்கும் நடந்தார்கள். மூன்றரை அடி. முறை வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரு வழியாகப் போதும்.

ஏகாம்பரம் குனிந்து அந்தக் கல்லின் கோடுகளை எண்ணிப் பார்த்தார். “எங்கப்பன் காலத்துலேருந்து அந்தக் கல்லதான் பாத்துக்கினு வரோம்” என்றார், யாரிடமும் சொல்லாமல். சாமுவேல் கடப்பாரையைக் கரையில் கிடத்தினார்.

திரும்பி வந்து மறுபடி கை எண்ணியதில் முறை வென்றது. சாமுவேலின் நிலம் கடைசியிலும் கடைசி. தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது தாமதம்தான். பாதிக் கதிர் நிறைந்தது, பாதி பதர்.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கோபத்தோடு கேட்டேன், ஏன் என்னைப் பேசவிடவில்லை என்று.

“நீங்க சொல்லி ஜெயிச்சா அது பேப்பர்காரரு ஜெயிச்சது. அடுத்த வருசம் நீங்க வரமாட்டீங்க. அவங்கதான் இருப்பாங்க.”

“தேவகி எழுந்திருக்கலன்னா?”

“மூணாவது வாட்டி கேட்டுட்டு முடிச்சிருப்பேன்.”

“உங்க தம்பி?”

“கடப்பாரையோட போயிருப்பான். நான் மதகுல குறுக்க நின்னிருப்பேன்.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை அந்தப் பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். நீங்கள் உட்காரச் சொன்ன பிறகு நான் சும்மா உட்காரவில்லை. மறுநாள் பேப்பருக்கு, ஏரித் தண்ணீரை மறைத்தவர் என்று ஏகாம்பரத்தின் பேரைப் போட்டு முதல் வரியை நோட்டில் எழுதிவிட்டேன். கரையிலிருந்து திரும்பும்போது அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்ததும் உண்மை, நான் பார்த்ததும் உண்மை. இடையில் ஒரு மனிதரைப் பொய்யராக்க எனக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு ஒருவர் சொல்வது தப்பு என்று எழுதுவதற்கு முன், ‘நீங்க எந்தக் கல்லப் பாத்தீங்க?’ என்று ஏதாவது ஒரு வகையில் அவரையே கேட்டுவிடுகிறேன். எல்லா நாளும் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். அவசரத்தில் கேட்காமல் எழுந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில், “உக்காருங்க சார்” என்று உங்கள் குரல் கேட்கிறது. சில நாள் உட்கார்ந்துவிடுகிறேன்.