பிரஷர் பார்க்கும்போது பேசக்கூடாது

ஜூன் 6

டாக்டர் ஐயாவுக்கு,

டெய்லரம்மா எழுதறேன். நலம்னு ஆரம்பிக்கத்தான் கை போகுது, உங்ககிட்ட எதுக்கு அந்த நடிப்பு. தங்கச்சி வீட்டுல ஒரு குறையும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும், அவ்வளவுதான். மார்பை எடுத்த இடம் ஆறிடுச்சு. "தையல் எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க"ன்னு நர்ஸ் பெருமைப்பட்டா. பார்த்தேன். சுமார்தான்.

மிச்சம் எதுவும் உள்ளே தங்கிடக்கூடாதுன்னு வாராவாரம் மருந்து ஏத்தறாங்க. அதுல விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுது, டாக்டர். நேத்து தங்கச்சி சட்டைக்கு ஒரு பட்டன் தைச்சேன். ஊசி விரல்ல ஏறினது தெரியலை. துணியில ரத்தத்தைப் பார்த்துத்தான் "அட, நம்மளுதா"ன்னு கையைத் திருப்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில இதைச் சொல்லலை. உங்க கிளினிக்குக்குப் போற மாதிரி சீட்டு எழுதி எடுத்துட்டுத்தான் போனேன். "வீட்டிலேயே எழுதிட்டு வாங்க, இங்க வந்தா பாதி மறந்துடும்"னு ஊரையே பழக்கி வெச்சிருக்கீங்களே. அங்க சீட்டை வாங்க ஒருத்தரும் கை நீட்டலை. கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டே "தொந்தரவு ஏதாவது?"ன்னாங்க. வாய் தன்னால "ஒண்ணும் இல்லை"ன்னுடுச்சு. அதான் சீட்டு உங்களுக்கு வருது.

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் வெட்ட, நான் தைக்க, இப்படியேதான் எங்க கடை ஓடிச்சு. கேட்டா மனுஷன் இடிஞ்சுடுவார்.

இப்படிக்கு,
உங்கள் டெய்லரம்மா


ஜூன் 11

டெய்லரம்மாவுக்கு,

திட்டறதுக்குத்தான் பேனாவை எடுத்தேன். அடுத்த தடவை உள்ளே போனதும் முதல் வார்த்தையா விரலைப் பத்திச் சொல்லுங்க. அந்த மருந்துக்கு இது வழக்கமா வர்ற தொந்தரவு. அளவைக் குறைப்பாங்க, இல்லை கொஞ்ச நாள் நிறுத்தி வெப்பாங்க. சொல்லாம விட்டா உணர்ச்சி திரும்பாமலே போயிடலாம்.

நானே குறைச்சிடுவேன்னு நினைக்காதீங்க. அது என் கைக்கு எட்டாத மருந்து. உங்களுக்கு என்ன கொடுக்கறாங்கன்னுகூட நீங்க எழுதித்தான் எனக்குத் தெரியுது. இத்தனை வருஷம் உங்க வீட்டுக் காய்ச்சல் எல்லாம் பார்த்தவன், இப்ப வேடிக்கை பார்க்கறேன்.

உங்க வீட்டுக்காரர் தினமும் வர்றார். எல்லாரும் போற வரைக்கும் கடைசி நாற்காலியில உட்கார்ந்திருந்துட்டு, "அவ எப்படி இருக்கா டாக்டர்?"ங்கறார். "பரவாயில்லை"ன்னு சொல்லிட்டு உடனே பிரஷர் பட்டையை அவர் கையில சுத்திடறேன். பார்த்து முடியற வரைக்கும் பேசக்கூடாதுன்னு அவருக்குத் தெரியும். நேத்து மூணு தடவை பார்த்தேன்.

எனக்குத் துணி வெட்டி வெச்சிட்டாராம். "அவ வந்ததும் முதல் சட்டை உங்களுதுதான்"னு சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு நான் எழுதட்டுமா? ஒரு "சரி" போதும்.

அன்புடன்,
டாக்டர்


ஜூன் 19

டாக்டர் ஐயாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க. பேனா நழுவிக்கிட்டே இருக்கு.

இந்த வாரமும் சொல்லலை. சொல்லத்தான் போனேன், சத்தியமா. பக்கத்துல மருந்து ஏறிட்டிருந்த அம்மாவுக்கு நோய் திரும்பி வந்திருக்காம். கேட்டதும் சொல்ல வந்ததை முழுங்கிட்டேன். குறைச்ச மருந்தால எனக்கும் வந்துட்டா? விரல் போனா தையல் போகும். உயிர் போனா அந்த மனுஷன் யாருக்குத் துணி வெட்டுவார்?

நீங்க எழுதக் கூடாது. எழுதினீங்கன்னா இனிமே உங்ககிட்டயும் "நல்லா இருக்கேன்"னுதான் சொல்லுவேன். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும், டாக்டர். அதையும் பிடுங்கிடாதீங்க.

டெய்லரம்மா


ஜூன் 23

டெய்லரம்மாவுக்கு,

ஆஸ்பத்திரிக்கு எழுதி, உறையில போட்டு, தபால் தலையும் ஒட்டி மேசையில வெச்சிருக்கேன். அனுப்பினா உங்களை இழந்துடுவேன். அனுப்பாட்டி உங்க விரலை. எனக்குப் பயமா இருக்கும்மா.

அளவைக் குறைச்சா நோய் திரும்பிடும்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. அதை அவங்க கணக்குப் பார்த்துத்தான் செய்வாங்க. வாய் வரலைன்னா இந்தக் கடிதத்தை அவங்க கம்ப்யூட்டர் மேலேயே வெச்சிடுங்க. உங்களை எழுதிட்டு வரச் சொல்லிப் பழக்கினேனே தவிர, வாயைத் திறந்து சொல்லப் பழக்கலை.

உங்க "சரி"க்காகக் காத்திருக்கேன்.

டாக்டர்


ஜூலை 8

டாக்டர் ஐயாவுக்கு,

எழுதறது டெய்லரம்மா இல்லை, அவ வீட்டுக்காரர். அவளால பேனா பிடிக்க முடியலை. கொதிக்கற பாத்திரத்தை வெறுங்கையால தூக்கியிருக்கா. சூடே தெரியலை. தோல் வழண்டு வந்ததைப் பார்த்து தங்கச்சிதான் அலறியிருக்கா. எனக்கு போன் வந்ததும் கடையைப் பூட்டிட்டு ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில மருந்தை நிறுத்திட்டாங்க. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா"ன்னாங்க. உங்க கடிதம் எல்லாம் அவ தலையணைக்கு அடியில இருந்தது. கடைசியா வந்ததைப் பிரிக்கவே இல்லை. நான்தான் பிரிச்சு அவளுக்குப் படிச்சுக் காட்டினேன்.

அவ சொல்லச் சொல்ல இதை எழுதறேன்: "டாக்டர் மேல தப்பில்லை. நான்தான் அவர் வாயைக் கட்டிப்போட்டேன். அவர் சட்டைக்குப் பட்டன் மாட்டற காஜா மட்டுமாவது நானே எடுப்பேன்."

எழுதச் சொன்னா, எழுதிட்டேன். இனி நான் சொல்றது. எனக்கு உங்க மேல கோபம் இருந்தது. எத்தனை நாள் உங்க எதிர்ல வந்து உட்கார்ந்தேன்! அன்னைக்கு ஏன் மூணு தடவை பிரஷர் பார்த்தீங்கன்னு இப்பத்தான் புரியுது. ஆனா கோபப்பட்டு எங்க போறது? உங்களை விட்டா எங்களுக்கு யாரைத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வர்றோம், நேரா கிளினிக்குக்கு. சீட்டு எழுதிட்டு வரமாட்டோம். பட்டையைச் சுத்தறதுக்கு முன்னாடி, அவ விரல் திரும்புமா திரும்பாதான்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க. தெரியாதுன்னா, தெரியாதுன்னே சொல்லுங்க.

இப்படிக்கு,
அவ வீட்டுக்காரர்