நந்தினியிடம் போய்ச் சேர நான்கு நாள்

ஜனவரி 5, திங்கள்

பனி. வாசல் தெளிக்கும்போது எதிர்வீடு தெரியவில்லை. கார்த்தி கொடுத்த புது டைரி, இன்றுதான் பிரித்தேன். முதல் பக்கத்தில் நல்லதுதான் எழுத வேண்டும். ஆகையால் பிள்ளைகள்.

கார்த்தி, மகன் வயிற்றுப் பேரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எடுபிடியாகச் சேர்ந்தவன், இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர். பதினெட்டு பேர் அவனைக் கேட்டுத்தான் மெஷினைத் தொடுவார்கள்.

ஷாலினி, அவன் தங்கை. பாங்க் பரீட்சை, மூன்றாவது தடவை பாஸ். ஆவடியில் கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் எல்லாம் இந்தப் பக்கம் நின்றே பழகியவர்கள்.

நந்தினி, என் மகள் செல்வி பெற்றது. நர்சு. டெல்லியில் பெரிய ஆஸ்பத்திரி, இருதய வார்டு. எங்கள் வம்சத்தில் முதன்முதல் விமானம் ஏறியவள். இந்தியில் டாக்டரையே மடக்குகிறாளாம். அவள் வீட்டுக்காரர் ரமேஷ் சொன்னது.

நந்தினிக்கு ஏழு வயதில் செல்வி காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து ஆயாவும் நான், அம்மாவும் நான். இப்போது அவளுக்கு நிறைமாதம். குழந்தை தலை திரும்பவில்லை, வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். மாப்பிள்ளையின் அம்மா சேலத்தில் கால் முறிந்து படுக்கை. "உள்ள தள்ளிகினு போம்போது நீ வாசல்ல நிக்கணும் ஆயா" என்றாள். நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாளை பகல் 10.15க்கு விமானம். சீட்டு அவளே போனில் போட்டாள்.

எடுத்துப் போக வேண்டியது:
பழைய நூல் புடவை மூன்று (கிழித்து, துவைத்து, மடித்தாகிவிட்டது)
பிரசவ லேகியம், எவர்சில்வர் டப்பா
வசம்பு
முறுக்கு
ஸ்வெட்டர் (ஷாலினியுடையது, கை இறுக்கம்)
ஆதார் கார்டு!! பர்சில்.

லேகியத்தைப் பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லி நந்தினி மூன்று தடவை போன் செய்தாள். பெரிய பெட்டியைத் தூக்கிப் போடுவார்களாம், எதிர்வீட்டு சரோஜா சொல்கிறாள். நெய் கசிந்தால் புடவை வீண். கைப்பையிலேயே வைத்தேன்.


ஜனவரி 6, செவ்வாய்

விடியற்காலையே தெரு முழுக்க வாசலில். கற்பூரம் சுற்றி, கார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார்கள். சரோஜா சொன்னது: "ஆயா, மேல போம்போது கீய பாக்காத. தல சுத்தும்."

விமான நிலையத்தில் கார்த்தி வாசலோடு சரி. உள்ளே சக்கர நாற்காலி, நந்தினி ஏற்பாடு. நடக்கத் தெரியும் என்று சொன்னேன். தள்ளுகிற பெண்ணுக்கு ஊர் பட்டாபிராமாம். "ஒக்காருங்க பாட்டி, எனுக்கும் வேல ஆவட்டும்." உட்கார்ந்தேன்.

பெரிய பெட்டி உருண்டு போய்விட்டது. பிறகு சோதனை. கைப்பையில் லேகியத்தை எடுத்து வைத்துக்கொண்டு காவல்காரம்மா இந்தியில் ஏதோ சொன்னார். பட்டாபிராமத்துப் பெண்தான் விளக்கினாள். "கொழகொழன்னு கீது இல்ல பாட்டி? கையில எடுத்துப்போக அதுக்கு அளவு கீது. பெரிய பெட்டியில போட்டிருந்தா உட்டுருப்பாங்க."

"அது போய்ட்ச்சேம்மா."

"அப்ப இத்த குப்பையில போட்ணும்."

சுக்கு இடித்தது நான், திப்பிலி வறுத்தது நான். அங்கேயே நின்று மூன்று உருண்டை விழுங்கினேன். ஒன்றை அந்தப் பெண் கையில் வைத்தேன். "ஐய, நான் புள்ளயா பெத்துகீறேன்?" என்றாள். "நாள் பூரா வண்டி தள்றியே, இடுப்பு வலிக்கும், துன்னு" என்றேன். சாப்பிட்டாள். காவல்காரம்மா சிரித்துவிட்டார், வேண்டாம் என்று கை ஆட்டினார். மீதி குப்பையில். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

10.15 என்றது 12 ஆயிற்று. 12 என்றது 2. டெல்லியில் பனியாம், இங்கே வெயில் கொளுத்துகிறது. பட்டாபிராமத்துப் பெண் காதோடு சொன்னாள்: "இவ்ளோ லேட்டானா சாப்பாடு குடுக்கணும் பாட்டி. போய்க் கேளுங்க. கேக்காட்டி குடுக்க மாட்டாங்க." கேட்டேன். ரொட்டிக்கு நடுவில் இலை வைத்துக் கொடுத்தார்கள். இலையை எடுத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

கோட்டு போட்ட ஒருவர் கவுண்டர் பெண்ணை இங்கிலீஷில் கத்தித் தீர்த்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. டெல்லியில் பனி பெய்தால் இவள் என்ன செய்வாள்? ஷாலினி வயதுதான். அவர் போன பிறகு இரண்டு முறுக்கு கொடுத்தேன். மேஜைக்குக் கீழே குனிந்து தின்றாள்.

3 மணி. போர்டில் சிவப்பு எழுத்து. விமானமே இல்லையாம்.

எனக்கு நந்தினியை நினைத்துத்தான் பயம். இந்த நேரத்தில் அவள் பதறக் கூடாது. நானே போன் போட்டேன்.

"கண்ணு, ஏறி ஒக்காந்துட்டேன். ஜன்னலோரம்."

"அப்டியா ஆயா? பெல்ட்டு போட்டுகினியா?"

"இறுக்கிப் போட்டுட்டேன்."

"ஆயா, பிளேன் கேன்சல்னு என் போனுக்கு மெசேஜ் வந்து அர மணி நேரம் ஆவுது."

மாட்டிக்கொண்டேன். பிறகு அவள் சிரித்தாள், வயிறு வலிக்குது சிரிக்க வைக்காதே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பணம் திரும்ப வேண்டுமா, வேறு நாள் விமானம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்களாம். பணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நாளைக்கு இடம் இல்லை. வியாழன் காலை 7 மணிக்கு ஒன்று இருந்தது, போட்டுவிட்டாள். வெள்ளிக்கு ஒரு நாள் முன்னால். போதும்.

பெட்டியைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள். வெளியே கார்த்தி.

"வா ஆயா, ஊட்டுக்குப் போலாம்."

"வரமாட்டேன்."

"இன்னாது?"

எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பிய பிறகு, போக வேண்டிய இடம் போகாமல் திரும்பி வாசல் மிதிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் வழக்கம். போன காரியம் கெடும். நந்தினி காரியத்தில் நான் விளையாட மாட்டேன். (சரோஜா முகத்தில் முழிக்க வெட்கமும்தான். இங்கே எழுதலாம்.)

"இன்னா ஆயா, பிளேன்காரன் போலன்னா அதுக்கு எலுமிச்சம்பயம் இன்னா பண்ணும்?"

"நூம்பலுக்கு உடு."

நூம்பலில் என் நாத்தனார் மரகதம் வீடு. போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் பேத்தி சடங்கில் சாம்பார் நீர்த்துவிட்டது என்று சொன்னேன், அதிலிருந்து பேச்சு குறைவு. கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, டெல்லி நூம்பலாண்ட வந்துட்ச்சா?"


ஜனவரி 7, புதன்

மேகம். மரகதம் வீட்டுக் காப்பியில் சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

லேகியம் குப்பைக்குப் போன கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் செருப்பு மாட்டினாள். திருவேற்காடு நாட்டு மருந்துக் கடையிலிருந்து சாமான் வந்தது. பனைவெல்லம், சுக்கு, திப்பிலி, நல்லெண்ணெய், நெய்.

அவள் இடித்தாள், நான் சலித்தேன். நான் பாகு பார்த்தேன், அவள் கிளறினாள்.

"செல்விக்கும் இந்தக் கையாலதான் கிளறிக் குட்த்தேன் அண்ணி. நந்தினி பொறந்தப்ப. உங்களுக்கு நெனப்பு கீதா?"

நினைவில்லை. அப்போது நான் காய்ச்சலில் இருந்தேன் என்கிறாள். பதினோரு நாள் இவள்தான் செல்வியைப் பார்த்துக்கொண்டாளாம். எனக்கு எப்படி மறந்தது?

சல்லடையை வைத்துவிட்டு, லேகியத்தை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பிறகு, "உன் லேகியம் என்னோடத விட நல்லா கீதுடி" என்றேன். "சாம்பார் மட்டும்தான் தண்ணியா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்து, அடுப்பில் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

மதியம் சரோஜா போன். நான் டெல்லி போய்விட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆயா! டெல்லி எப்டி கீது? குளுரா?"

"நடுங்குதுடி" என்றேன், மின்விசிறிக்கு அடியில்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் கீரைக்காரன். முளைக்கீரை, சிறுகீரை என்று தொண்டை கிழியக் கத்துகிறான்.

"இன்னா ஆயா, அங்க தமிழ்ல கத்தறான்?"

"நம்ம ஆளுங்க எங்கதான் இல்ல?"

மரகதம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

நந்தினி சாயங்காலம் பேசினாள். குரல் அசதி. கால் வீக்கமாம். "நாளைக்கு நீ வந்து அமுக்கி உடு" என்றாள். பயமா என்று கேட்டேன். "ஆயிரம் பேர தியேட்டருக்குத் தள்ளிகினு போயிருக்கேன் ஆயா. படுத்துகினு போனதில்ல" என்றாள்.

லேகியம் இந்தத் தடவை பெரிய பெட்டியில். மூன்று பிளாஸ்டிக் பை, அதன்மேல் ஸ்வெட்டர்.


ஜனவரி 8, வியாழன்

நூம்பலிலிருந்து பைபாஸ் ஏறியதால் சீக்கிரம் வந்துவிட்டோம். மரகதமும் காரில் வந்தாள். வாசலில் என் கையைப் பிடித்து, "அண்ணி, நந்தினிய நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

7.40. ஏறிவிட்டேன். நிஜமாக. ஜன்னலோரம் இல்லை, நடு இடம். பக்கத்தில் புஷ்பா, ஆவடிப் பெண், வீட்டுக்காரர் டெல்லியில் மிலிட்டரி. பெல்ட் அவள்தான் போட்டுவிட்டாள். மேலே போனதும் காது அடைத்தது. கீழே பார்க்கவில்லை.

10.30. இறங்கிவிட்டோம் என்று எல்லோரும் எழுந்தார்கள். ஆனால் டெல்லி இல்லையாம், ஜெய்ப்பூராம். டெல்லியில் ஓடுபாதை தெரியவில்லை, பனி விலகின பிறகு போவார்களாம். யாரும் இறங்கக் கூடாது. எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு கத்துகிறார்கள்.

"பொறுமையா ஒக்காருங்கம்மா. எறங்கிப் போய்ட்டா நம்மளுக்கு வண்டியும் இல்ல, பெட்டியும் இல்ல" என்கிறாள் புஷ்பா. சரிதான்.

11.20. நந்தினி போன்.

"ஆயா, எங்க கீற?"

பொய் சொல்லத் தெம்பில்லை. ஜெய்ப்பூர் என்றேன்.

"பரவால்ல. நீ மெதுவா வா. நான் சும்மா செக்கப்புக்கு வந்தேன்."

நடுவில் மூச்சை இழுத்தாள். பிடித்து வைத்துவிட்டாள். ஏழு வயதில் முட்டியில் அடிபட்டாலும் அப்படித்தான், அழாமல் மூச்சை மட்டும் இழுப்பாள்.

"நந்தினி, வலி எடுத்துட்ச்சா?"

"ஆயா…"

"சொல்லு."

"காலையில நாலு மணிக்கே. நாளைக்கு வரைக்கும் வைக்க முடியாதாம். இப்ப உள்ள கூப்டுறாங்க."

வாசலில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆயிரம் தடவை சொன்னேன். இப்போது ஏதோ ஒரு ஊரில், கதவு சாத்தின விமானத்தில், பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"கண்ணு, போனக் காதுலயே வெச்சிகினு போ. அவங்க போன வாங்கற வரைக்கும் பேசறேன்."

பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. மரகதம் கேட்டாள் என்றேன். லேகியம் அடிப்பிடித்ததைச் சொன்னேன். தள்ளுவண்டிச் சக்கரம் கேட்டது, கதவு கேட்டது. யாரோ இந்தியில் பேசினார்கள். "ஆயா, வாங்கறாங்க" என்றாள். அவ்வளவுதான்.

புஷ்பா என் கையைப் பிடித்தாள், விடவில்லை. முன்சீட்டு சிங் ஒருவர் என்னவென்று கேட்டு, அவளிடம் தெரிந்துகொண்டு, தன் தண்ணீர் பாட்டிலை எனக்குக் கொடுத்தார்.

12.50. மாப்பிள்ளை போன் எடுக்கவில்லை.

1.05. எடுக்கவில்லை.

1.20. விமானப் பெண்ணிடம் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். பாவம், அவளுக்கும் தெரியவில்லை. கேட்டால்தான் தருவார்கள் என்று தெரியும், வெந்நீர் கேட்டேன். கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

1.45. மாப்பிள்ளை! பெண் குழந்தை. மூன்று கிலோ. "ரெண்டு பேரும் நல்லாகீறாங்க ஆயா" என்று அழுகிறார். புஷ்பா எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். விமானமே கை தட்டுகிறது. முன்சீட்டு சிங் திரும்பிக் கும்பிடுகிறார். காலையில் கத்தினவர்களும் தட்டுகிறார்கள்.

மீதி முறுக்கு எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்தேன்.

2.10. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் படம். பச்சைத் துணியில் சுற்றிய குழந்தை. கண்ணை இறுக்கி மூடி, கை விரல் ஐந்தும் விரித்து. ஷாலினி இதயம் இதயமாகப் போட்டிருக்கிறாள். கார்த்தி "வெயிட்டு பார்ட்டி" என்கிறான். சரோஜா, "ஆயா, பக்கத்துல கீறியே, யாரு ஜாட?" என்று கேட்கிறாள். மரகதம், மூக்கு தன்னுடையது என்கிறாள்.

நல்ல குழந்தை. பத்து தடவை பார்த்துவிட்டேன். பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் கட்டில் கம்பி தெரிகிறது, ஒரு முழங்கை தெரிகிறது. அந்த முழங்கை நந்தினியுடையதா, வேறு நர்சுடையதா?

2.25. கிளம்பப் போகிறோமாம், போனை அணைக்கச் சொல்கிறார்கள். புஷ்பா மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொடுத்தாள். குரூப்பில் பேசினேன்:

"மாப்ளே, கொழந்த நல்லா கீது, மகராசியா இருக்கட்டும். ஆனா என் பொண்ணு எங்க? நல்லா கீறான்னு நீங்க சொல்றீங்க, நான் இன்னும் பாக்கலியே. அவ மூஞ்சி தெரியற மாரி, புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. தல வாரலன்னாலும் பரவால்ல. இப்பவே போடுங்க."