கம்பியைத் தளர்த்தி அளக்கவும்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன். இனி விஷயம்.

பழைய பொருள் விற்கும் இணையப் பக்கத்தில் உங்கள் பேஸ் கிட்டார் படத்தைப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, மேல்முனையில் நீளக் கீறல். நம்ம தடியனேதான். நான் வாங்கிக்கொள்கிறேன். ஏப்ரல் நாலாம் தேதி ஓர் அரங்கில் எங்கள் குழுவை முதல் தடவையாகக் காசு கொடுத்து வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது நான் வாசிப்பது இரவல் பேஸ். மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். என் கையில் பேஸ் இல்லையென்றால் டிரம்ஸ்காரர் தன் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்துவார். அப்புறம் அந்த இடம் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

ஆனால் நீங்கள் போட்டிருக்கும் இருபத்தெட்டாயிரம் அநியாயம். புதுசே நாற்பதுதான். பத்தொன்பது தருகிறேன். நல்ல நிலையில் இருந்தால் இருபத்திரண்டு. சும்மா எடுத்துக்கொள் என்று ஆரம்பிக்காதீர்கள். சும்மா வாங்கினால் அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டிவரும். நியாயமான விலை கொடுத்துவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

போன் செய்யாதீர்கள். விவாகரத்து வழக்கு முடியும்வரை இரண்டு வீட்டாரும் போனில் பேசிக்கொள்ளக் கூடாது என்று அக்காவின் வக்கீல் சொல்லியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மைத்துனன்


மார்ச் 8

என் அருமை மாப்பிள்ளை ஸ்கேலுக்கு,

உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். படித்த பிறகும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவில்கூடச் சட்டைப் பையில் ஸ்கேல் துருத்திக்கொண்டு நிற்கிற ஆள் நீ. உன்னிடம் வேறு எப்படி எதிர்பார்ப்பது?

பத்தொன்பதா! அந்நியன் என்றால் இருபத்தெட்டு. மாப்பிள்ளை என்றால் விலையே கிடையாது. நடுவில் பத்தொன்பதாயிரத்துக்கு ஒரு உறவை நீதான் புதுசாகக் கண்டுபிடித்திருக்கிறாய். யாராக வாங்குகிறாய் என்று முதலில் சொல், அப்புறம் விலை பேசுவோம்.

தடியன் சவுக்கியம். மூலையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே எல்லோரும் சவுக்கியமா? அந்த இருமல் விட்டதா?

அன்புடன்,
அத்தான்


மார்ச் 12

அன்புள்ள அத்தானுக்கு,

வாங்குகிறவனாக வாங்குகிறேன்.

எனக்கு இருமல் இல்லை. அக்காவுக்கு என்றால் அக்காவுக்கு என்று எழுதுங்கள். விட்டுவிட்டது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். சுருதி சேர்த்துவிட்டு, தடித்த கம்பியைக் கழுத்தின் குறுக்குக் கட்டைகளில் முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி? கழுத்து எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்தது, ஆம்ப்ளிஃபயரில் போட்டு ஒவ்வொரு குமிழாகத் திருகினால் கரகரக்கிறதா? கடைசியாக, எந்த ஃபிரெட்டிலாவது ஒலி சட்டென்று செத்துப்போகிறதா?

இதெல்லாம் முடியாதென்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மைத்துனன்


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

அடேயப்பா, பெண் கொடுத்தபோதுகூட உங்கள் வீட்டில் என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

இடைவெளி 0.3 மில்லிமீட்டர். கரகரப்பு இல்லை. ஒலி எங்கேயும் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதே, வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், உட்கார இடமில்லை. இருபத்தாறு என்று வைத்துக்கொள்வோமா? முடியாது என்று ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுது, குறைக்கப் பார்க்கிறேன்.

நீங்கள் மாறியிருக்கும் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம்? காலை வெயில் முகத்தில் அடித்தால் சிலருக்குத் தலைவலி வரும்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 20

அத்தானுக்கு,

ஜன்னல் மேற்கே பார்த்திருக்கிறது. ‘சிலருக்கு’த் தலைவலி இல்லை.

0.3 நல்ல அளவு. இன்னும் ஒன்றே ஒன்று. நாலு கம்பியையும் தளர்த்திவிட்டு, கழுத்தின் மேல் நேரான ஸ்கேல் ஒன்றை வைத்து, அதே இடத்தில் திரும்ப அளந்து எழுதுங்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு வேலை செய்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். சரியாக இருந்தால் இருபத்திரண்டு. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

இங்கே எலக்ட்ரிக் கடைக்காரர் ஒருவர் தன்னுடைய பேஸை இருபதுக்குத் தருவதாகச் சொன்னார். உங்களுடையதை நம்பி வேண்டாமென்றுவிட்டேன். இரவல் பேஸ் இன்னும் பத்து நாள்தான் என்னிடம் இருக்கும். சீக்கிரம் எழுதுங்கள்.

மைத்துனன்


மார்ச் 25

மாப்பிள்ளை ஸ்கேலுக்கு,

தளர்த்தினேன், அளந்தேன். அதே 0.3. இம்மிகூட மாறவில்லை. கல் மாதிரிக் கழுத்து! இதற்கே இன்னும் ஓராயிரம் போட்டுத் தர வேண்டும் நீ. இருபத்து மூன்று? அவசரமே இல்லை, நிதானமாக யோசித்து எழுது.

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி கோர்ட்டுக்கு பஸ்ஸிலா வருகிறீர்கள்? அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 28

அத்தானுக்கு,

பாய்லர் ஆலையில் அளவுமானி சரிபார்ப்பது என் வேலை. மானியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதுகிறவர்களைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

கம்பி முறுக்காக இருக்கும்போது கழுத்தை முன்னால் இழுத்து வளைக்கும். தளர்த்தினால் கழுத்து நிமிரும், இடைவெளி குறையும். குறைந்தே தீரும். கல் மாதிரிக் கழுத்து என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நீங்கள் தளர்த்தவும் இல்லை, அளக்கவும் இல்லை.

இப்படித்தான் இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று, வந்துவிடும் வந்துவிடும் என்று ஒரு வருஷம் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவள் இங்கே உங்கள் இருவருக்குமாக வீடு பார்த்து முன்பணமும் கொடுத்தாள். கடைசியில் உங்கள் ஆபீசுக்கே போய் விசாரித்தபோது அப்படி ஒரு மனுவே இல்லை.

பேஸ் உங்களிடம் இருக்கிறதா? ஒரு வரி போதும்.


ஏப்ரல் 1

மாப்பிள்ளைக்கு,

இல்லை.

ஒரு வரி போதும் என்றாய், ஆனாலும் எழுதுகிறேன். உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே ஓட்டலில் வாசிக்கிற ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். விளம்பரத்தை எடுக்க மறந்துவிட்டேன். விற்றாயிற்று என்று எழுதியிருந்தால் ஒரே கடிதத்தில் உன் வேலை முடிந்துபோயிருக்கும். விலை பேசினால் பதில் வந்துகொண்டே இருக்குமே என்று நினைத்தேன். இருமல் விட்டது, ஜன்னல் மேற்கே என்று எனக்கு வேறு யார் சொல்வார்கள்?

கடைக்காரர் பேஸை நீ வேண்டாமென்றதைப் படித்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். 0.3 என்று எழுதினேன். ஏன் இப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பேஸ் இன்னும் இருந்தால் வாங்கிவிடு. காசு நான் தருகிறேன்.

அத்தான்


ஏப்ரல் 8

அத்தானுக்கு,

அந்தப் பேஸ் போய்விட்டது. நாலாம் தேதி டிரம்ஸ்காரரின் தம்பி வாசித்தான். நான் மேடைக்குக் கீழே நின்று கேபிள் சுருட்டினேன். பையன் நன்றாகத்தான் வாசித்தான், எரிச்சலே அதுதான். இனி அந்த இடம் அவனுக்குத்தான். உங்கள் காசு வேண்டாம்.

உங்கள் கடிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மறைத்துவைக்க எனக்கு வராது. திரும்பி வந்தபோது அக்கா எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தாள்.

“எவ்வளவுக்கு வித்தாராம்?” என்றாள்.

“அதை எழுதலை.”

“அந்த ஓட்டல்காரர் கேட்ட விலைக்கு அப்படியே தூக்கிக் குடுத்திருப்பார். பேரம் பேசத் தெரியுமா அந்த மனுஷனுக்கு?”

“என்கிட்ட ஒரு மாசமா பேசினாரே!”

சிரித்தாள். அப்புறம் ஜன்னலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். “இதை என்னைக் கேட்டா என்னவாம்? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றாள். கோர்ட்டில் கொடுக்க வேண்டிய காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கையெழுத்துப் போட்டாளா என்று நான் கேட்கவில்லை. உங்களுக்காகக் கேட்கவும் மாட்டேன். அந்தத் தூது வேலையை இத்தனை நாள் தெரியாமல் செய்துவிட்டேன், தெரிந்து செய்ய மாட்டேன்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது கோர்ட்டுக்கு நாலு நாள் இருக்கும். தபாலுக்கு மூன்று நாள் போய்விடும். எழுதுவதென்றால் அன்றைக்கே எழுதுங்கள், அவள் பெயருக்கு. பேஸ், பெயின்ட், பஸ் எதுவும் வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

எனக்கு இனிமேல் எழுதாதீர்கள். வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்போதைக்கு,
உங்கள் மைத்துனன்