உன் கேலக்ஸிக்குப் பக்கத்தில்

அன்புள்ள நெட்டைக்கு,

இங்கு நலம். நீயும் வயிற்றில் இருக்கும் ஆளும் நலம்தானே? டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னால் படுத்தே இரு. எழுந்து போய் அலமாரி துடைத்தாயாமே, உன் அம்மா சொன்னார். அலமாரி எங்கும் ஓடிப்போய்விடாது.

இந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தின் வாசலிலேயே கைபேசியை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். தொலைநோக்கி கேட்பது எங்கிருந்தோ வரும் மெல்லிய ரேடியோ அலையை. பக்கத்தில் ஒரு கைபேசி முனகினால்கூட அதன் காது அடைத்துப்போகுமாம். சமையலறையில் மைக்ரோவேவ் கிடையாது. அலுவலகத்தில் ஒரே ஒரு தொலைபேசி. அதில் பேசினால் கணக்காளர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் நம் கதை தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். காய்கறி வாங்க டவுனுக்குப் போகும் வேனில் கொடுத்தனுப்புகிறேன்.

தொலைநோக்கியில் உன் ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கோடானுகோடி நட்சத்திரங்கள் கூடிக் கிடக்கும் உன் கேலக்ஸியின் படத்தைத் திரைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். நடுவே தாழ்ப்பாள் போட்ட மாதிரி அந்த நட்சத்திரப் பட்டை, அதன் இரண்டு முனையிலிருந்தும் கிளம்பிச் சுருண்டு போகும் இரண்டு கைகள். பட்டை வழியாக வாயு மையத்துக்குச் சரிகிற வேகம் நீ கணக்குப் போட்டபடியே வருகிறது. எல்லாம் நீ சொன்னபடிதான். கவலைப்படாதே.

நன்றாகத் தூங்கு.

அன்புடன்,
உன் அவசரக்குடுக்கை

*

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தையும் முடித்துவிட்டாய் என்று படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நீ படுத்தபடி சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரர் தட்டச்சு செய்தாராம். "இந்த கேலக்ஸி நம்ம மாமா மாதிரி தனிக்கட்டையா?" என்று அவர் கேட்டாராம். "ஆமா, சுத்துவட்டாரத்துல யாருமே இல்ல. பட்டை தானாவே உண்டாச்சு. அதுதான் என் ஆராய்ச்சியே" என்று நீ சொன்னாயாம். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

இனி மறைக்க முடியாது. உன் கேலக்ஸி தனிக்கட்டை இல்லை.

வந்த முதல் வாரத்தில் ஒருநாள் மதியம், சாப்பாட்டு மணி அடித்துவிட்டதே என்ற அவசரத்தில், திசை எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். தொலைநோக்கி உன் கேலக்ஸியை விட்டு விலகி, பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், திரையில் நேர்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. தொலைநோக்கியை இயக்குபவர், "இது கைபேசிதான். வேன் டிரைவர் ஒளிச்சு வெச்சிருப்பான்" என்று கிளம்பிவிட்டார். பாவம், அந்த டிரைவரின் சீட்டுக்கு அடியில், முருங்கைக்காய் கட்டுக்குள், சட்டைப்பையில் எல்லாம் தேடினார்கள். "என் பொண்டாட்டி மேல சத்தியமா இல்லீங்க" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கைபேசி கிடைக்கவில்லை. மறுநாள் பார்த்தோம், மேடு அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அந்தப் பக்கம் முழுவதையும் பார்த்தேன். சின்ன கேலக்ஸி ஒன்று. நட்சத்திரம் இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு மங்கல், முழுக்க வாயு. அதனால்தான் எந்தப் படத்திலும் தெரியவில்லை. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வாயுத் தடம் கிளம்பி, உன் கேலக்ஸியின் நீளமான கைக்குப் போய்ச் சேருகிறது. ஒரு கை மட்டும் ஏன் நீளம் என்று நீ மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாயே, அந்தக் கைக்கு. பக்கத்தில் வந்துபோன ஒன்று இழுத்து இழுத்தே அந்தப் பட்டையும் உண்டாகியிருக்கலாம்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? குதித்தேன். நடைபாதையில் கத்திக்கொண்டே ஓடினேன். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "என்னம்மா, பாம்பா?" என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷம். உன் நினைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். உன் மூன்று வருடப் படிப்பு இடிந்துவிழுந்த இடத்தில் நின்று நான் ஆடியிருக்கிறேன்.

உடனே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உன் அம்மா அலுவலகத்துக்குப் பேசினார். "அவகிட்ட நல்ல சேதியா மட்டும் சொல்லும்மா. மனசு அலட்டிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. 'எல்லாம் நீ சொன்னபடிதான்' என்று எழுதினேன். மேடு தெரிந்து நாலு நாள் ஆன பிறகுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. உனக்கு முன்னால், நம் இருவருக்கும் ஆய்வு வழிகாட்டியான நம் சாருக்குச் சொல்லிவிட்டேன். "கண்டுபிடிச்சது நீ, உன் பேர்ல தனியா எழுது. அவ தன்னோடத அப்படியே குடுக்கட்டும். பிள்ளை பெத்துக்கப்போறவளை ஏன் குழப்பணும்?" என்றார். உன் ஆய்வேடு 'பக்கத்தில் எதுவுமில்லை' என்று போய்ச் சேரும், அடுத்த மாதமே 'பக்கத்தில் ஒன்று இருக்கிறது' என்று என் கட்டுரை வரும், எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது எனக்குப் புரியாமலா இருந்தது? புரிந்தது. புரிந்தும் "சரி சார்" என்றேன்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். கணக்காளர் கேட்கட்டும், காவலாளி கேட்கட்டும் என்று சாரைக் கூப்பிட்டேன். "இது அவ நேரத்துல எடுத்தது சார். முதல்ல அவளுக்குத்தான் போகும். அவ சொல்லாம ஒரு வரி எழுதமாட்டேன்" என்றேன். "உனக்கு அடுத்த வருஷம் இங்க வேலை வேணுமா வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கணக்காளர் என் பக்கம் தண்ணீர் செம்பை நகர்த்தினார்.

இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதே. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை உன் கடிதம் வந்து உலுக்கிய பிறகுதான் செய்திருக்கிறேன்.

எடுத்த தரவு முழுவதையும் இதோடு அனுப்புகிறேன். எதையும் விடவில்லை, என் தப்பான இலக்கத்தைக்கூடத் திருத்தவில்லை. ஒருவேளை அந்தச் சின்னது வருவதற்கு முன்பே பட்டை இருந்திருக்கலாம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, எனக்கு உண்மையிலேயே தெரியாது. நிதானமாகப் பார்த்து அதைச் சொல்லக்கூடிய ஆள் நீதான். ஆய்வேட்டை மட்டும் இப்போது கொடுத்துவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரர் பெயருக்கு அனுப்புகிறேன். நீ தெம்பாக இருக்கும் நேரம் பார்த்து அவர் கொடுக்கட்டும். கோபம் வந்தால் எழுந்து நடக்காதே, படுத்தபடியே திட்டு. திட்டுவதற்கு என்னிடம் நிறைய இடம் இருக்கிறது.

நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து வர வேண்டும். வேறெதையும் வேண்டிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. பிறக்கப்போகிற அந்தப் பிள்ளைக்கு நான் சித்தியா, இல்லை அம்மாவோடு படித்த யாரோ ஒருத்தியா என்பதை மட்டும் ஒரு வரி எழுது. எது எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவசரக்குடுக்கை